பதினோராவது வரிசை

ஒதில் பெர்த்தோவுக்கு மனிதர்களைப் பிடிக்காது. அதை அவள் ஒருநாளும் ஒளித்ததில்லை. வாரத்தில் மூன்று நாள், காலை பத்து மணிக்கு, செர்மோல் ஊரில் ஒயினுக்குத் திராட்சை பிழிந்த பழைய பிழிகூடத்துக் கதவைத் திறந்து, வெளியே காத்து நிற்கும் சுற்றுலாக்காரர்களை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையிலேயே பாதிப் பேருக்கு வந்த ஆசை வடிந்துவிடும்.

"காலைத் தொடச்சிட்டு உள்ள வாங்க. இது எண்ணூறு வருஷத்துத் தரை. உங்க செருப்பு போன வாரம் வாங்கினது."

உள்ளே துறவிகள் செய்துவைத்த பிழிமரம் இருக்கிறது. ஒரே ஓக் மரத்தில் அறுத்த உத்தரம், வீட்டின் நீளத்துக்கு. வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொள்வார்கள். பிழிமரம் படத்தில் விழுந்ததா என்றுகூடப் பார்ப்பதில்லை. பிறகு கேள்வி கேட்பார்கள். இந்தக் கதவு அந்தக் காலத்துக் கதவா? துறவிகளும் குடிப்பார்களா? கழிப்பறை எங்கே? ஒருமுறை ஓர் அமெரிக்கப் பெண்மணி, இதே மாதிரி ஒன்று சின்னதாகச் செய்து விற்கலாமே, சமையலறையில் வைத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னாள். ஒதில் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பிப் பேச்சைத் தொடர்ந்தாள். அந்த அம்மாள் ஊருக்குப் போய் மேயருக்குப் புகார் எழுதினாள். மேயர் அலுவலகத்தில் ஒதிலைப் பற்றிய புகார்களுக்கென்றே தனியாக ஒரு கோப்பு உண்டு. அவளை அனுப்பிவிட்டால் அந்த உத்தரத்தைப் பற்றி நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் சொல்ல ஊரில் வேறு ஆள் கிடையாது. அதனால் கோப்பு பெருத்துக்கொண்டே போனது, அவளும் இருந்துகொண்டே இருந்தாள்.

உலகப் பாரம்பரியப் பட்டியலில் எங்கள் திராட்சைச் சரிவுகளைச் சேர்த்த வருஷத்திலிருந்து ஊருக்குப் பிடித்த பைத்தியம் கொஞ்சநஞ்சமல்ல. ரொட்டிக்கடைக்காரன் பலகையில் துறவி படம் வரைந்தான். மருந்துக்கடைக்காரர் சிவப்பும் மஞ்சளுமாக அங்கி தைத்துக்கொண்டு ஒயின் சகோதரர் சபையில் சேர்ந்தார். கழுத்தில் ஒயின் ருசிக்கும் வெள்ளிக் கிண்ணம் தொங்க, ஜன்னல் திரையைப் போர்த்திக்கொண்டு வந்தவர்போல வீதியில் நடந்தார். திராட்சைக் கொடியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத பிரகிருதிகள் எல்லாம் மண்ணின் ஆத்மாவைப் பற்றிப் பேசினார்கள். ஒதில் அவர்களைக் கண்டால் வீதியின் மறுபக்கம் போய்விடுவாள்.

அவளுக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. புருஷன் பள்ளிக்கூட வாத்தியார். நாலாம் வருஷம், ஒயினில் ஐஸ் கட்டி போட்டுக் குடிக்கிற ஒருத்தியோடு திஜோனுக்குப் போய்விட்டான். அவன் போனது அவளுக்கு எப்போதோ மறந்துபோயிற்று. அந்த ஐஸ் கட்டியைத்தான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பிழிகூடத்துக்குப் பின்னால் துறவிகளின் மதில்தோட்டம். சுற்றிலும் கல்மதில், உள்ளே திராட்சை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஆளுடைய தோட்டம் என்று தோன்றும். உண்மையில் இருபத்து மூன்று பேருடையது. ஒருவருக்கு இருபது வரிசை, ஒருவருக்கு நாலு. நடுவில் வேலி கிடையாது, வரப்பு கிடையாது. மதிலிலிருந்து எண்ணிக்கொண்டு வரவேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊரில் பிள்ளைகள் ஜெபம் படிக்குமுன்பே தங்கள் வரிசைகளை எண்ணப் படித்துவிடும். ஒதிலுக்கு மேற்கு மதிலிலிருந்து பதினோரு வரிசை. அதற்கப்புறம் ரெமி ஷொசாருடையது.

அந்த ரெமியைத்தான் அவள் உலகத்திலேயே அதிகமாக இகழ்ந்தாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அப்போதே அவன் இவளைப் பார்த்துக் கணக்கு எழுதிக்கொண்டவன். கவாத்து செய்ய ஜனவரி, பிப்ரவரி இருக்க, அவன் மார்ச் கடைசியில் வருவான், வெட்டின இடத்தில் நீர் சொட்டச் சொட்ட. மின்சாரக் கத்தரியை வைத்துக்கொண்டு, எந்த மொட்டை விடுவது என்று யோசிக்காமல் நறுக்கிக்கொண்டே போவான். வரிசைகளுக்கு நடுவே புல் முழங்கால்வரை நிற்கும். தாத்தா காலத்துக் கொடிகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, குலை குலையாகக் காய்க்கிற புதுக் கொடிகளை நட்டான். எந்த நிலத்தில் பறித்தாலும் எல்லாம் ஒரே தொட்டியில்தான். அவனுடைய ஒயின் கால் கழுவத்தான் ஆகும் என்று ஒதில் சொல்வாள். அதில் பெரிதாகப் பொய் இல்லை, நானும் குடித்திருக்கிறேன்.

ஆனால் ஊருக்கே அவனைப் பிடித்திருந்தது. அதுதான் அவளால் பொறுக்க முடியாதது. ஜனவரியில் திராட்சைக்காரர்களின் காவலரான புனித வின்சென்ட் திருநாளுக்கு அவர் சிலை ஒவ்வொரு வருஷமும் ஒருவர் வீட்டில் தங்கும். வீட்டுக்காரர் எல்லோருக்கும் சீஸ் பலகாரமும் ஒயினும் கொடுக்கவேண்டும். ரெமி வீட்டுக்குச் சிலை வந்த வருஷம் ஒதில் போனாள். போகாமல் இருந்தால் பயந்துவிட்டாள் என்பார்களாம். அவன் ஊற்றினதை வாயில் வைத்துக் கொப்பளித்தாள். ருசி பார்த்த ஒயினை வாளியில் துப்புவது எங்கள் வழக்கம்தான், அதில் யாருக்கும் மனஸ்தாபம் வராது. ஆனால் அவள் துப்பியது அந்த வகை இல்லை. அறை அமைதியாகும்வரை காத்திருந்து, வாளியின் அடித்தகரம் அதிரும்படி துப்பினாள்.

ரெமி சிரித்தான். "குறி தப்பல ஒதில். இன்னொரு தரம் ஊத்தட்டுமா?"

"வாளி நெறஞ்சிடும். வேணாம்."

அவளுடைய பெருமை முழுவதும் அந்தப் பதினோராவது வரிசையில் இருந்தது. மற்றப் பத்தும் அப்பா காலத்தில் புதிதாக நட்டவை. இது ஒன்றுதான் பழசு. யுத்தத்துக்கு முன்னால் வைத்த கொடிகள், ஒவ்வொன்றும் தொடையளவு தடித்து, முறுக்கிக்கொண்டு நிற்கும். நூற்றறுபது கொடி. தன் தாத்தா தம் கையால் நட்டது என்று வருகிறவர்களிடம் சொல்வாள். அந்தக் கொடிகளில் குலை குறைவு. ஆனால் கிடைக்கிற சாறு வேறு ஜாதி. அதை மட்டும் தனியாக ஒரு சின்னப் பீப்பாயில் ஊறவைப்பாள். வருஷத்துக்கு நூற்றைம்பது பாட்டில் தேறும்.

அது யாருக்கும் எளிதில் கிடைக்காது. பிழிகூடத்தைச் சுற்றிப் பார்த்தபின், பிடித்தவர்களுக்கு மட்டும் இரண்டு வாய் ஊற்றுவாள். ஊற்றிவிட்டு முகத்தையே பார்ப்பாள். ஈரத்தோல் வாசனை, காட்டுக்காளான், கறுப்புச் செர்ரி என்று ஆரம்பித்தால் ஆட்டம் முடிந்தது, கிளாஸைப் பிடுங்கிக்கொள்வாள். பெல்ஜியத்துப் பல் மருத்துவர் ஒருவர் கால் மணி நேரம் முகர்ந்துகொண்டே இருந்தார். "மூக்குல பல்லா இருக்கு முசியே? குடிங்க," என்று சொல்லி அனுப்பினாள். ஜப்பானியக் கிழவர் ஒருவர் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இரண்டு பாட்டில் கொடுத்தாள். தன் சொந்த அக்காவுக்குக் கொடுத்ததில்லை.

சுற்றின் கடைசியில் எல்லோரையும் பதினோராவது வரிசைக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்துவாள்.

"இந்தப் பக்கம் பாருங்க. இப்ப அந்தப் பக்கம் பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல."

இந்தப் பக்கம் கொத்திவிட்ட மண், சீராக நிற்கும் கிழட்டுக் கொடிகள். அந்தப் பக்கம் புல்லும் முள்ளும். அங்கே ரெமி நின்றிருந்தால் கையை உயர்த்திக் கும்பிடு போடுவான். ஒருதரம் அவன் சிகரெட் பற்றவைக்கப் பதினோராவது வரிசையின் கம்பத்தில் சாய்ந்துவிட்டான். "கையை எடு. இது என் வரிசை," என்று இருபது பேர் முன்னால் ஒதில் அதட்டினாள். அவன் உடனே எடுத்துக்கொண்டான்.

இப்படியே போயிருந்தால் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் லியோனிலிருந்து வந்த ஒருவன் ரெமியின் புல்லைக் காட்டி, "இதுவும் உங்களோடதா மதாம்?" என்று கேட்டுத் தொலைத்தான். ஒதிலுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே மேயருக்குக் கடிதம் எழுதினாள். உலகப் பாரம்பரியம் என்று பீற்றிக்கொள்கிறீர்களே, எது யாருடையது என்று ஒரு கல்லாவது நட்டிருக்கிறீர்களா? ஒழுங்காக உழைக்கிறவளையும் சோம்பேறியையும் பார்க்கிறவன் எப்படிப் பிரித்தறிவான்? பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள். நாலு வருஷம், மாதம் ஒன்றாக எழுதினாள். கடைசியில் மேயருக்குத் தாங்கவில்லை. பாரம்பரிய நிதியில் ஏதோ மிச்சம் இருந்தது. ஒவ்வொருவர் பங்கின் தலைமாட்டிலும் பெயர் பொறித்த கல் நடுவதென்று முடிவாயிற்று. ஒதில் ஜெயித்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஏப்ரலில் சர்வேயர் வந்தாள். சின்னப் பெண், முக்காலியில் கருவியும் கையில் வரைபடமுமாக. ஒதில் காலையிலேயே போய் நின்றுகொண்டாள். ரெமியும் வந்திருந்தான், பேண்ட் பையில் கைகளை விட்டுக்கொண்டு.

"நல்லா அளந்துக்கோம்மா," என்றாள் ஒதில். "மதில்லேருந்து பதினொண்ணு எனக்கு. அப்புறம் ஆரம்பிக்கறதெல்லாம் இவனோட காடு."

சர்வேயர் பெண் வரைபடத்தைப் பார்த்தாள். மதிலைப் பார்த்தாள். மதிலை ஒட்டி டிராக்டர் போகிற புல் பாதையில் நடந்து போய்த் திரும்பி வந்தாள்.

"மதாம், இந்தப் பாதை யாரோடது?"

"பாதை பாதைதான். டிராக்டர் போற வழி."

"வரைபடத்துல பாதையே இல்லையே. மதில் ஓரத்துலேருந்தே உங்க நிலம் ஆரம்பிக்குது. இங்க முன்னாடி ஒரு வரிசை இருந்திருக்கணும்."

"இருந்துது. டிராக்டர் வாங்கினப்போ எங்கப்பா பிடுங்கிட்டார். அதுக்கென்ன இப்போ?"

"அதையும் சேர்த்துத்தான் பதினொண்ணு."

ஒதிலுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்காதபோது வழக்கமாகச் செய்வதையே செய்தாள், கோபப்பட்டாள். கருவி கோணலாக நிற்கிறது என்றாள். மறுபடி அளக்கச் சொன்னாள். அந்தப் பெண் மூன்று தரம் அளந்தாள். மூன்று தரமும் ஒதிலின் நிலம் பத்தாவது வரிசையோடு முடிந்தது. பதினோராவது வரிசை, அந்த நூற்றறுபது கிழட்டுக் கொடியும், எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றது.

"உன் மெஷின் நேத்து வந்தது. இந்த நிலம் எவ்வளவு பழசு தெரியுமா?"

"பழசுதான் மதாம். ஆனா அது நகரல."

அப்போதுதான் ஒதிலுக்கு எண்பத்தெட்டாம் வருஷத்துக் குளிர்காலம் ஞாபகம் வந்தது. அப்பா டிராக்டர் வாங்கி மதிலோரத்து வரிசையைப் பிடுங்கிய மறுமாதமே படுத்துவிட்டார். கவாத்துக்கு அவள்தான் தனியாகப் போகவேண்டியிருந்தது. வயது இருபத்து நாலு. படுக்கையிலிருந்து அவர் சொன்னது இதுதான்: மதிலிலிருந்து பதினொன்று நம்முடையது, ஒன்றும் விட்டுவிடாதே. அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த எண் அது. பிடுங்கினதைக் கழிக்க அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. நிற்கிற வரிசைகளை எண்ணினாள், பதினொன்று வந்தது, பதினொன்றையும் வெட்டினாள். அப்பா எல்லாவற்றையும் புதிதாக நட்டுவிட்டு இந்த ஒரு வரிசையை மட்டும் ஏன் கிழடாக விட்டுவைத்தார் என்று முப்பத்தைந்து வருஷத்தில் ஒருநாள்கூட அவள் யோசித்ததில்லை. ஊரார் புத்தியை எடைபோடுவதற்கே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது.

அவள் ரெமி பக்கம் திரும்பினாள். அவன் தன் பூட்ஸ் முனையால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"நீ வெட்டின வருஷத்துலேருந்தே. மார்ச் கடைசியில நான் வந்து பார்க்கறேன், என் மொத வரிசை வெட்டி முடிச்சிருக்கு. ரொம்ப நல்லாவும் வெட்டியிருந்துது."

"ஏன்டா சொல்லல?"

"மொத வருஷம் உங்கப்பா செத்துட்டார். சாவு வீட்டுல வந்து வரிசைக் கணக்கா பேசறது? ரெண்டாம் வருஷம் சொல்ல வெக்கமா இருந்துது. மூணாம் வருஷம் பழகிப்போச்சு." தலையைச் சொறிந்தான். "எனக்கும் வெட்டற வேலை ஒரு வரிசை மிச்சம். என் கையில இருந்திருந்தா அதையும் எப்பவோ பிடுங்கியிருப்பேன். ஒண்ணே ஒண்ணு ஒதில். அதை நட்டது எங்க தாத்தா. நீ உங்க தாத்தான்னு ஊருக்கெல்லாம் சொல்றப்போ மட்டும் கொஞ்சம் சிரிப்பு வரும்."

கம்பத்தில் சாய்ந்தவனை அதட்டினது, இருபது பேர் முன்னால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று காட்டினது, வாளி அதிரத் துப்பினது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒதிலின் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். வரட்டும். வரவேண்டியதுதானே.

சர்வேயர் பெண்ணுக்கு இருவரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒருவர் தன்னுடையதாக வைத்து உழைத்த நிலம் அவருக்கே ஆகிவிடும், சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்றாள். முசியே ஷொசார் ஆட்சேபம் இல்லை என்று ஒரு கையெழுத்துப் போட்டால் நோட்டரி ஒரு வாரத்தில் முடித்துவிடுவார். அவர் மறுத்தாலும் கோர்ட்டுக்குப் போகலாம்.

"கோர்ட்டு எதுக்கு? நான் போடறேன்," என்றான் ரெமி. "எனக்கு என்ன, எங்கே போடணும்?" பேனாவுக்குக்கூடக் கையை நீட்டிவிட்டான். பிறகு என்ன தோன்றியதோ, கையை இழுத்துக்கொண்டான். "ஆனா ஒதில், நீ கேளு."

"என்ன கேக்கணும்?"

"ரெமி, இந்த வரிசையை எனக்கு விட்டுடுன்னு கேளு. அவ்வளவுதான். தயவுசெஞ்சுகூட வேணாம். உன் வாயால என்கிட்ட ஒரு தரம் எதையாவது கேளு."

அரை நிமிஷ வேலை. நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தைக்குப் பின்னால் அவள் உயிரையே வைத்திருந்த நூற்றறுபது கொடியும் நின்றன. மூளை இருக்கிற எவளும் சொல்லிவிட்டுப் போயிருப்பாள். ஒதில் அவனை மேலும் கீழும் பார்த்தாள், பிழிகூடத்து வாசலில் பார்க்கிற அதே பார்வை.

"உன்கிட்டயா?" என்றாள்.

ரெமி கைகளை மறுபடி பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். அவன் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை. "சரி, அப்போ கல்லுல என் பேரையே போடுங்க," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னான்.

"போடு," என்றாள் ஒதிலும். "எழுத்து ஆழமா இருக்கட்டும். மழையில அழிஞ்சிடப்போவுது."

கோர்ட்டுக்கும் அவள் போகவில்லை. போனால், அடுத்தவன் வரிசையை முப்பத்தைந்து வருஷம் பறித்தேன் என்று நீதிபதி முன்னால் அவளே சொல்லவேண்டும். ரொட்டிக்கடையில் அதை ஒரு தலைமுறைக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். வரிசையைவிட அது பெரிதாகத் தோன்றியது அவளுக்கு.

ஜூனில் கல் நட்டார்கள். பத்தாவது வரிசையின் முனையில் ஒதில் பெர்த்தோ, அடுத்ததன் முனையில் ரெமி ஷொசார். நல்ல ஆழமாகவே வெட்டியிருந்தார்கள். அதற்கப்புறம் சுற்றுலாக்காரர்களை அவள் தோட்டத்துக்குக் கூட்டிப்போகவில்லை. பிழிமரத்தோடு நிறுத்திக்கொண்டாள். ஆனால் தோட்டம் திறந்துதானே கிடக்கிறது. ஜூலையில் ஒரு தம்பதி தாமாகவே போய்ச் சுற்றிவிட்டு, பிழிகூடத்து வாசலில் நின்றவளிடம் வந்தார்கள்.

"மதாம், அந்த முசியே ஷொசாரோட பழைய கொடியெல்லாம் என்ன அழகு! பக்கத்துல உங்க பேரும் பார்த்தோம். அவர்கிட்ட நீங்க நிறைய கத்துக்கிட்டிருப்பீங்க, இல்லையா?"

"மூடற நேரம் ஆயிடுச்சு," என்றாள் ஒதில். காலை பதினோரு மணி.

அந்தக் கோடை முழுக்க அவள் பத்தாவது வரிசையில் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் வேலை செய்தாள். திரும்பாவிட்டாலும் தெரியாமலா இருக்கும்? ரெமி இலை கிள்ளவில்லை. நுனி வெட்டவில்லை. ஆகஸ்டில் பக்கத்துப் புல் இந்த வரிசைக்கும் வந்தது, கிழட்டுக் கொடிகளின் இடுப்பைச் சுற்றிக் களைக்கொடி ஏறியது. இரண்டடி தூரம். குனிந்து ஒரு இழு இழுத்தால் வந்துவிடும். அவள் கை பலதடவை அந்தப் பக்கம் போனது. ஒவ்வொரு தடவையும் கல்லில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

செப்டம்பரில் பறிப்புக்கு நாள் குறித்தார்கள். முந்தின நாள் மாலை ஒதில் நிலவறையில் பீப்பாய்களைத் தயார்செய்தாள். காலியாகக் கிடந்த பீப்பாயின் பலகைகள் உலர்ந்து விரிசல் விட்டிருக்கும். தண்ணீர் நிரப்பி வைத்தால்தான் ஊறி ஒன்றோடொன்று இறுகும். வருஷா வருஷம் செய்கிற வேலை, கைதான் செய்தது. சின்னப் பீப்பாயிலும் தண்ணீர் விளிம்புவரை நிரப்பிவிட்டாள். மூடியை எடுக்கப் போகும்போதுதான் அதில் ஊற்ற ஒன்றும் இல்லை என்று நினைவு வந்தது. அங்கேயே கவிழ்த்துப் போட்ட பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். அவள் அழுதாள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அழுதாள். அந்த முட்டாளிடம் கேட்டால்தான் என்ன என்று முதல்முறையாகத் தோன்றியது. நாளைக் காலையில், பறிக்க இறங்குமுன், கேட்டுவிடுவதென்று எழுந்தாள்.

அந்தக் கணக்கிலும் தப்பினாள். ரெமி பறிப்பு நாளில்கூட எட்டரைக்குமுன் வந்தவனல்ல, எனவே எட்டுக்குப் போனால் போதும் என்று நினைத்தாள். அந்த வருஷம் மழை வருமென்று வானிலையில் சொல்லியிருந்ததால் கூலிக்குப் பறிப்பவர்கள் அவனை விரட்டி, இருட்டு பிரியுமுன்பே பறிக்க இறங்கியிருக்கிறார்கள். அவள் மதில் வாசலில் நுழைந்தபோது பதினோராவது வரிசையில் ஒரு குலைகூட இல்லை. மிதிபட்ட இலையும், யாரோ தூக்கி எறிந்த தண்ணீர் பாட்டிலும் கிடந்தன. கிழட்டுக் கொடி ஒன்றில் டிராக்டர் உரசிப் பட்டை பெயர்ந்திருந்தது.

ஒதில் சேற்றுப் பூட்ஸோடு ஊர் நடுவே நடந்தாள். ரொட்டிக்கடை வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். ரெமியின் தொட்டிக்கூடத்துக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல்முறை. உள்ளே பெரிய எஃகுத் தொட்டி, மேலே ஏணி. தரையில் காலியான மஞ்சள் கூடைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ரெமி குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ரெமி," என்றாள்.

அவன் தண்ணீரை நிறுத்தினான்.

"அந்த வரிசையை எனக்கு விட்டுடு." கொஞ்சம் நின்று, அவன் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். "தயவுசெஞ்சு."

ரெமி தொப்பியைக் கழற்றினான். சந்தோஷப்பட்டிருப்பான், முகம் அப்படித்தான் மலர்ந்தது. பிறகு அவள் கண் போன இடத்தைப் பார்த்து அவன் முகமும் மாறியது.

"வரிசையை எடுத்துக்கோ ஒதில். இன்னிக்கே நோட்டரிகிட்ட போவோம். ஆனா இந்த வருஷத்தது..." தொட்டியைக் காட்டினான்.

"அதுலயா?"

"காலையில மொதல்ல அதைத்தான் பறிச்சோம். அதுக்குமேல மத்ததெல்லாம் கொட்டியாச்சு."

"தனியா வைக்கலையா?"

"எதுக்குத் தனியா?" என்று கேட்டான் ரெமி.

கிண்டலில்லை. பழிவாங்கல் இல்லை. அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷமாக அவனைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் எழுத்துக்கு எழுத்து சரி. சரியாக இருந்து என்ன பிரயோஜனம்? இதைவிடக் கேவலமாக அவளை யாரும் தோற்கடித்திருக்க முடியாது.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அவன் ஒரு கிளாஸை எடுத்துத் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தான். இளஞ்சிவப்பாகச் சாறு வந்தது, இன்னும் ஒயின் ஆகாத வெறும் இனிப்புச் சாறு. ஒதில் வாங்கி வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நாக்கின் எல்லா மூலைக்கும் கொண்டுபோனாள். மூவாயிரம் லிட்டரில் அந்த நூற்றறுபது கொடி எங்கேயாவது ஓர் ஓரத்தில் தட்டுப்படுகிறதா என்று தேடினாள்.

ரெமி பழக்கம் தெரிந்தவனாக, அவள் துப்புவதற்கு வடிகால் பக்கத்திலிருந்து நகர்ந்து இடம்விட்டான்.

ஒதில் விழுங்கினாள். கண்ணைத் திறந்து, காலிக் கிளாஸை அவனிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றாள்.